38 லட்சத்தில் எடுத்த படத்தை யாரிடம் கொடுப்பது?

கேள்வி:

"வணக்கம் அண்ணா. சாத்தூர் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. வயது 31. தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் மூன்று பெண்களைப் பற்றி ஒரு படம் எடுத்திருக்கிறேன். ஒரு மணி 52 நிமிடம் ஓடும். தெரிந்த முகம் யாரும் இல்லை, நடித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். செலவு 38 லட்சம். அதில் 20 லட்சம் தாய்மாமா நிலத்தை விற்றுக் கொடுத்தது, மீதி நண்பர்கள் போட்டது. யு/ஏ 13+ சான்றிதழ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இரண்டு திரைப்பட விழாக்களுக்கு அனுப்பினேன், எடுக்கவில்லை. சென்னையில் ஒருவர் ஓடிடியில் ஏற்றித் தருகிறேன் என்று 3 லட்சம் கேட்கிறார். வருகிற பணத்தில் அவருக்கு 30 சதவீதம், 15 வருடத்துக்கு எல்லா உரிமையும் அவர் பெயரில். ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன். மாமா, 'நம்ம ஊர் தியேட்டர்ல ஒரு நாளாவது ஓடணும்' என்கிறார். நண்பர்கள், 'பேசாம யூடியூப்ல போட்டுடு, நாலு பேராவது பார்ப்பாங்க' என்கிறார்கள். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. மாமா முகத்தைப் பார்க்கவே கூசுகிறது."

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படங்களைத் தியேட்டருக்கும் தளங்களுக்கும் டிஜிட்டலாக அனுப்பிவைப்பதும், அதற்கான ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வதும்தான் என் தொழில். நீங்கள் அனுப்பியதைப் போன்ற தாள்கள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. எழுதியவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் தனக்கு வேண்டியதைக் கேட்டிருக்கிறார். உங்களுக்கு வேண்டியது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

இரண்டாம் பக்கத்து நான்காவது ஷரத்தைப் பாருங்கள். "படத்தின் அனைத்து உரிமைகளும், தற்போது உள்ளதும் இனி கண்டுபிடிக்கப்படுவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், 15 ஆண்டுகளுக்கு." தியேட்டர், டிவி, ஓடிடி, யூடியூப், டப்பிங், ரீமேக் எல்லாமே அந்த ஒரு வரிக்குள் போய்விடுகிறது. ஒப்பந்தம் போடும் நாளில் புழக்கத்தில் இல்லாத ஓர் ஊடகத்துக்கான உரிமை, அதைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் ஒழியக் கைமாறாது என்று பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. ஆகவே "இனி கண்டுபிடிக்கப்படும்" என்று மொத்தமாக எழுதி வாங்குவது கோர்ட்டில் நிற்பது கஷ்டம். ஆனால் கோர்ட்டுக்குப் போகும் வசதி உங்களுக்கு இல்லை என்பது எழுதியவருக்கும் தெரியும்.

அதைவிடக் கவலையானது பதினோராவது ஷரத்து. உரிமையை எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் அது காலாவதியாகிவிடும் என்று அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரிதான் எழுதியிருக்கிறது. அந்த விதி இதற்குப் பொருந்தாது என்று ஒரே வரி. அவர் உங்கள் படத்தை எங்கேயும் ஏற்றாமல் ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்திருந்தாலும் 15 வருடம் நீங்கள் அதைத் தொட முடியாது. 46 வயதில் திரும்பக் கிடைக்கும் படத்தை வைத்து என்ன செய்வீர்கள்?

பணக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கடைசித் தாளில், பார்க்கப்படும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 4 ரூபாய் என்று இருக்கிறது. 50,000 பேர் உங்கள் படத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 112 நிமிடம் வீதம் ஏறக்குறைய 93,000 மணி நேரம். 3 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய் வரும். அவருடைய 30 சதவீதம் போனால் உங்களுக்கு 2 லட்சத்து 61 ஆயிரம். நீங்கள் முன்பணமாகக் கொடுத்த 3 லட்சமே திரும்பவில்லை. வீட்டில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் எல்லோரும் கடைசிவரை உட்காருவதில்லை. சராசரி 40 நிமிடம் என்றால் உங்கள் கைக்கு வருவது 93,000 ரூபாய்தான். அதுவும் 50,000 பேர் வந்தால். அந்த 50,000 பேரை யார் கூட்டிவருவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. விளம்பரம் செய்வார் என்று இல்லை, தளத்தின் முகப்பில் வைப்பார் என்று இல்லை, எந்தத் தளம் என்றுகூட இல்லை.

எந்தத் தளம் என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு பெரிய தளம் உங்கள் படத்துக்கு விலை பேசி, உரிமத் தொகை கொடுத்து வாங்குவது ஒரு வகை. பணம் எதுவும் கொடுக்காமல் ஏற்றிவைத்து, பார்க்கும் நேரத்துக்குத் தகுந்த மாதிரி பங்கு தருவது இன்னொரு வகை. வாடகைக்குப் பார்க்கும் அலமாரியில் வைப்பது மூன்றாவது. சில படங்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டும் இப்படி இருக்கும், சாத்தூரில் தேடினால் வராது. "பெரிய தளத்தில் படம் வந்துவிட்டது" என்று மூன்றையும் ஒரே மாதிரி சொல்லிக்கொள்ளலாம். முதல் வகைக்கும் மற்ற இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

முதல் வகை உங்களுக்குக் கிடைக்குமா? பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக ஓடிடியில் வந்தபோது தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தார்கள். அதன்பின் இரண்டு மூன்று வருடம், சந்தாதாரர்களைச் சேர்க்கும் போட்டியில் தளங்கள் நிறையப் படங்களை வாங்கின. சின்னப் படங்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இப்போது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தியேட்டரில் எப்படிப் போனது, யார் நடித்திருக்கிறார்கள்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் உயரிய விருதான டைகர் விருதை வாங்கியது. அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். அப்படிப்பட்ட படம் சோனி லிவ்வில் மக்கள் பார்வைக்கு வந்தது 2023 அக்டோபர் கடைசியில். உங்கள் எட்டு மாதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் தோற்றுவிடவில்லை. அவசரப்பட்டுப் படத்தை ஒருவரிடம் தள்ளிவிடும் நிலையிலும் இல்லை.

இனி மாமா சொல்வதற்கு வருகிறேன். அவர் ஆசை நியாயமானது, நான் அவர் பக்கம். ஆனால் "தமிழ்நாடு முழுவதும் ரிலீஸ்" என்று யாராவது ஆசை காட்டினால் பின்வாங்கிவிடுங்கள்.

பிலிம் இருந்த காலத்தில் ஒரு பிரிண்ட் போடவே ஐம்பது, அறுபதாயிரம் ரூபாய் ஆகும். பத்து ஊருக்குப் பத்துப் பெட்டி. சின்னப் படக்காரரால் முடியாது. டிஜிட்டல் அந்தச் செலவை ஒழித்தது. இன்றைக்கு டிசிபி என்கிற டிஜிட்டல் பிரதியை ஒரு தடவை செய்துவிட்டால் போதும், எத்தனை தியேட்டருக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு தியேட்டரின் சர்வருக்கும் தனித்தனியாக கேடிஎம் என்ற பூட்டுச்சாவிக் கோப்பு மின்னஞ்சலில் போகும். எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். பிரிண்ட் செலவு போன இடத்தில் விபிஎஃப் என்ற கட்டணம் வந்து உட்கார்ந்தது. தியேட்டர்களுக்கு டிஜிட்டல் திரையிடல் வசதி தரும் க்யூப், யுஎஃப்ஓ போன்ற நிறுவனங்களுக்குத் திரைக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளர் கட்ட வேண்டும். இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுத் தமிழ்ப் படமே வராமல் தயாரிப்பாளர் சங்கம் நிறுத்திவைத்தது.

உள்ளே நுழைவதை எளிதாக்கிய அதே தொழில்நுட்பம் வெளியே அனுப்புவதையும் எளிதாக்கிவிட்டது. முன்பு ஒரு பெட்டி வந்து இறங்கிவிட்டால், கூட்டம் வருகிறதோ இல்லையோ, வேறு பெட்டி வரும்வரை அந்தப் படம்தான் ஓட வேண்டும். இரண்டாவது வாரத்தில் பேச்சு பரவி எழுந்து நின்ற படங்கள் அதனால்தான் உண்டு. இப்போது சர்வரில் நான்கு படம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியமே முன்பதிவுச் செயலியில் இருக்கை வரைபடத்தைத் திறந்தால் காலி இருக்கை எத்தனை என்று ஊருக்கே தெரிகிறது. மாலைக் காட்சியில் உங்கள் படத்தை எடுத்துவிட்டுப் பெரிய நடிகர் படத்துக்கு இன்னொரு ஷோ போட ஆபரேட்டருக்கு நிமிடக் கணக்கில் வேலை. தமிழில் வருடத்துக்கு 200-க்கு மேல் படங்கள் தியேட்டருக்கு வருகின்றன. ஒரு வெள்ளிக்கிழமைக்கு நாலைந்து படம். உங்களுக்காக யாரும் திங்கட்கிழமைவரை காத்திருக்க மாட்டார்கள்.

நாற்பது திரை, தினம் மூன்று ஷோ, ஷோவுக்குச் சராசரி 25 பேர், ஒரு வாரம் முழுக்க ஓடியது என்று வைத்துக்கொள்வோம். முகம் தெரியாத நடிகர்கள் உள்ள படத்துக்கு இதுவே தாராளமான கணக்கு. 21,000 டிக்கெட். வரி போக டிக்கெட்டுக்கு 90 ரூபாய் என்றால் 18 லட்சத்து 90 ஆயிரம். தியேட்டருடன் பாதிப் பாதி ஷேரிங், மிச்சத்தில் விநியோகஸ்தருக்குப் பத்து சதவீதம் கமிஷன். எட்டரை லட்சம் கைக்கு வரும். நாற்பது திரைக்கும் விபிஎஃப், போஸ்டர், பேப்பர் விளம்பரம், சென்னையில் பத்திரிகையாளர் காட்சி எல்லாம் அதிலிருந்து போக வேண்டும். போஸ்டரும் விளம்பரமும் மட்டுமே அதைத் தாண்டும். இந்த வழியில் போனால் மாமாவிடம் இன்னொரு நிலம் கேட்க வேண்டி வரும்.

அதனால் நாற்பது வேண்டாம். நான்கு ஊர் போதும். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, விருதுநகர்.

உங்கள் படம் யாருக்கு என்று யோசித்தீர்களா? கடிதத்தில் ஓடிடி, தியேட்டர், யூடியூப் என்று மூன்று இடங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பார்க்கப்போகிற ஓர் ஆளைப் பற்றிக்கூட எழுதவில்லை. இந்தக் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். எந்தத் தளமும், எந்த விநியோகஸ்தரும், நட்சத்திரம் இல்லாத படத்துக்கு முதல் ஆயிரம் பார்வையாளர்களைத் தேடித் தரமாட்டார்கள். அந்த வேலை உங்களுடையது. அதைச் செய்து முடித்துவிட்டீர்கள் என்றால், அதன் பிறகு தளங்களோடு பேசும் தோரணையே மாறிவிடும். உங்களுக்கு அந்த ஆயிரம் பேர் எங்கே இருக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிழைத்த பெண்கள், அவர்கள் பிள்ளைகள், அந்தச் சம்பாத்தியத்தில் படித்து வாத்தியாராகவும் நர்ஸாகவும் போனவர்கள். தங்கள் வேலையைத் திரையில் ஒழுங்காகப் பார்த்திராதவர்கள். இப்படி ஒரு கூட்டம் வாய்ப்பது பெரிய விஷயம். சென்னையில் பத்துப் படம் எடுத்தவருக்கும் இது அமையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. தியேட்டர்காரரைப் போய்ப் பாருங்கள். வாரம் முழுக்க ஓட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். ஞாயிறு மேட்னி ஒரே ஒரு ஷோ, முழுத் தியேட்டரையும் வாடகைக்குப் பேசுங்கள். ஊர்த் தியேட்டர்கள் பல காலைக் காட்சிக்கும் மேட்னிக்கும் ஆளில்லாமல் இருக்கின்றன, பேசினால் படியும். டிக்கெட்டை நீங்களே முன்கூட்டி விற்றுவிடுங்கள். தொழிற்சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, பழைய மாணவர் சங்கம், தமுஎகச என்கிற முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் கிளை என்று நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், ஆகவே விலையை 100-க்குள் வையுங்கள். தியேட்டர் இல்லாமல் கல்யாண மண்டபத்தில் டிக்கெட் போட்டுக் காட்ட நினைத்தால், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்காமல் செய்யாதீர்கள்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்படக் குழு நண்பர்களும் ஊர் ஊராக மக்களிடம் பணம் திரட்டி 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள், அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டவும் செய்தார்கள். இணையம் வந்தபின் இதே வேலை வேகமாக நடக்கிறது. கன்னடத்தில் பவன் குமார் 2013-இல் வெளியிட்ட 'லூசியா' படத்துக்கு நூறுக்கு மேற்பட்ட பார்வையாளர்கள் சேர்ந்து பணம் போட்டார்கள். அதே வருடம் 'ஷிப் ஆஃப் தீசியஸ்' படத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள் என்று முகநூலில் ஓட்டுப் போட வைத்து, ஓட்டு விழுந்த ஊர்களில் தியேட்டர் பிடித்தார்கள். எந்த ஊரில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தியேட்டர்காரரிடம் காட்ட அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. உங்களிடமும் அது இருக்க வேண்டும். டிக்கெட் வாங்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாட்ஸ்ஆப் எண்ணை வாங்கிவையுங்கள். பெரிய தளத்தில் லட்சம் பேர் பார்த்தாலும் அவர்களில் ஒருவர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. உங்கள் கையில் இருக்கும் எண்ணூறு எண்கள் உங்கள் அடுத்த படத்துக்கும் வரும்.

சாத்தூர் ஷோவுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது, இதில் சோம்பல் கூடாது. டிசிபியை அதே தியேட்டரில், அதே திரையில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டுடியோவில் ஒலிக்கலவை செய்யும்போது தியேட்டர் ஒலிக்கருவியின் அளவுகோலில் ஒலி அளவை 7-இல் வைத்துத்தான் செய்வார்கள், அதுதான் முறை. ஊர்த் தியேட்டர்களில் பெரிய படங்களின் சத்தத்துக்குப் பயந்து 5-இலோ அதற்குக் கீழோ வைத்திருப்பார்கள். உங்கள் பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொள்ளும் காட்சிகள் அந்த அளவில் மின்விசிறிச் சத்தத்தில் காணாமல் போய்விடும். ஆபரேட்டரிடம் தன்மையாகச் சொல்லி ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், ஷோ தொடங்கியதும் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். புரொஜெக்டர் விளக்கு பழசாக இருந்தால் இரவுக் காட்சிகள் கரியாகத் தெரியும், அதையும் பாருங்கள். கேடிஎம் திறக்கும் நேரத்தை ஷோவுக்கு இரண்டு நாள் முன்பே தொடங்குமாறு கேட்டு வாங்குங்கள். சோதனை ஓட்டத்துக்குச் சாவி இல்லாமல் கைபிசைந்து நிற்பவர்கள் நிறையப் பேர்.

தியேட்டரில் இந்த மாதிரிப் படம் எப்படி வரவேற்கப்படும் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' பின்னணி இசையே இல்லாமல் 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தபோது, இதைத் தியேட்டரில் விட்டிருக்க வேண்டுமா என்றே ஒரு விவாதம் நடந்தது. என் எண்ணம், விட்டது சரி. பார்வையாளருக்குப் பழக்கம் வர வேண்டுமானால் யாராவது காட்டத்தான் வேண்டும். ஆனால் என்ன படம் என்று தெரிந்து வருகிறவர்களை முதலில் உட்காரவைப்பது நல்லது. அதனால்தான் போஸ்டரைப் பார்த்து வரும் கூட்டத்தைவிடக் கதை தெரிந்து டிக்கெட் வாங்கும் கூட்டத்தைச் சொல்கிறேன்.

நண்பர்கள் சொல்லும் யூடியூப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இப்போது வேண்டாம், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் போடுபவருக்கு என்பது நல்ல பங்குதான். ஆனால் ஒருமுறை இலவசமாகப் போட்டுவிட்டால் விழாக்கள் எடுக்காது, மற்ற தளங்கள் விலை பேசாது, டிக்கெட் வாங்கி யாரும் வரமாட்டார்கள். யூடியூபிலேயே காசு கட்டிப் பார்க்கும் முறையும் இருக்கிறது. ஆமிர்கான் தன் 'சித்தாரே ஜமீன் பர்' படத்தை 2025 ஆகஸ்ட் 1 அன்று 100 ரூபாய்க்கு அப்படித்தான் போட்டார். அவர் பெயருக்கு ஆள் வருவார்கள். உங்கள் வாட்ஸ்ஆப் பட்டியல் ஐயாயிரத்தைத் தொட்டால் நீங்களும் அதைச் செய்து பார்க்கலாம். ட்ரெய்லரும் படப்பிடிப்புத் துணுக்குகளும் இப்போதே யூடியூபில் இருக்கட்டும்.

விழா விஷயத்தில் இரண்டு மறுப்போடு மனம் தளர வேண்டாம். கோவாவில் மத்திய அரசின் என்எஃப்டிசி நடத்தும் வேவ்ஸ் பிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தை, ஐஎஃப்எஃப்கே என்கிற கேரள சர்வதேசத் திரைப்பட விழா, டிசம்பரில் சென்னையில் நடக்கும் உலகத் திரைப்பட விழாவின் தமிழ்ப் பிரிவு மூன்றுக்கும் அனுப்புங்கள். தேசிய விருதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேதியை வைத்துத்தான் வருடம் கணக்கிடுவார்கள், உங்கள் சான்றிதழ் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பார்த்து விண்ணப்பியுங்கள். சிறு முதலீட்டில் எடுத்த தரமான படங்களுக்குத் தமிழக அரசு தரும் மானியத்தின் விதிகளைச் செய்தித் துறையில் கேட்டு எழுதி வாங்குங்கள். இதற்கெல்லாம் ஒரு வருடம் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு உரிமையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் உங்களுக்கு உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். டென்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் போன்ற தளங்கள் இந்தியாவுக்கு வெளியே இருக்கும் தமிழர்களை நம்பி நடப்பவை. டொராண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் தமிழ்ச் சங்கங்கள், வாசகர் வட்டங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையை வாடகைக்கு எடுத்துப் படம் போடுவது உண்டு. டிசிபியைத் தரவிறக்கம் செய்துகொள்வார்கள், சாவியை நீங்கள் சாத்தூரிலிருந்தே அனுப்பலாம். ஆங்கில வசன வரிகளை மட்டும் நல்ல ஆளிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். நம் வட்டார வழக்கை இயந்திரத்தில் போட்டுத் தருபவரிடம் கொடுத்தால் படம் கெட்டுவிடும்.

இவ்வளவும் செய்தபின் தளத்துக்குப் போவது வேறு மாதிரி இருக்கும். 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படத்தைப் பெரிய தளங்கள் முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. 2021 ஜனவரி 15 அன்று நீஸ்ட்ரீம் என்ற சின்ன மலையாளத் தளத்தில் வந்தது. பார்த்த பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிப் பரவி, சில மாதத்தில் அமேசான் பிரைமே அதை எடுத்துக்கொண்டது. அதில் தெரிந்த நடிகர்கள் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் வரிசையைக் கவனியுங்கள். பார்வையாளர் முதலில், பெரிய தளம் அப்புறம். கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சி ஸ்பேஸ் என்ற ஓடிடி தளம், பார்க்கும் படத்துக்கு மட்டும் காசு வாங்கித் தயாரிப்பாளரோடு பங்கிட்டுக்கொள்கிறது. நம் மாநிலத்திலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும். நடித்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சம்மதக் கடிதம், இசையமைப்பாளர், எழுத்தாளர், ஒளிப்பதிவாளர் ஒப்பந்தம், மாமாவும் நண்பர்களும் போட்ட பணத்துக்கு எழுத்து. இன்னொன்று, படத்தில் எங்காவது ரேடியோவிலோ பஸ்ஸிலோ பழைய சினிமாப் பாட்டு ஒலிக்கிறதா? ஊர்ப் படங்களில் இது இல்லாமல் இருப்பதில்லை. பின்னால் மெலிதாக ஓடும் பத்து விநாடிப் பாட்டுக்கும் ஆடியோ நிறுவனத்தின் அனுமதி வேண்டும். யூடியூபின் மென்பொருள் அதைக் கண்டுபிடித்து உங்கள் வருமானத்தைப் பாட்டுக்காரருக்குத் திருப்பிவிடும், தளங்கள் படத்தையே திருப்பி அனுப்பும். அனுமதிக்குப் பணம் இல்லையென்றால் அந்த இடத்தில் வேறு இசை வைத்துவிடுங்கள். யாருக்குப் பார்க்க இணைப்பு அனுப்பினாலும் பாஸ்வேர்டும், பார்ப்பவர் பெயர் திரையில் ஓடும் முத்திரையும் இல்லாமல் அனுப்பாதீர்கள். டெலிகிராமில் போய்விட்டால் திரும்பப் பிடிக்க வழியில்லை.

மாமாவைப் பற்றி. 38 லட்சம் ஒரே வருடத்தில் திரும்பாது. அதை அவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். எவ்வளவு செலவானது, எந்த உரிமை இன்னும் கையில் இருக்கிறது, ஒவ்வொன்றிலிருந்தும் என்ன வர வாய்ப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வரும் பணத்தில் முதல் பங்கு அவருக்கு என்று அதிலேயே எழுதுங்கள். நிலத்தை விற்றுக் கொடுத்தவர் கணக்குக் கேட்க உரிமை உள்ளவர், அவர் கேட்கும்முன் நீங்கள் காட்டினால் கூச்சத்துக்கு வேலை இல்லை. அவரையே தியேட்டர்காரரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கூட இருந்தால் வாடகையும் இறங்கும்.

சென்னைக்காரருக்கு இந்த வாரமே பதில் எழுதிவிடுங்கள், இழுத்தடிக்க வேண்டாம். முன்பணம் தர இயலாது. இந்தியாவுக்கு வெளியே மட்டும், ஓடிடி உரிமை மட்டும், இரண்டு வருடத்துக்கு மட்டும் தர முடியும். கமிஷன் வருமானத்திலிருந்து 20 சதவீதம். எந்தத் தளம் என்று பெயர் எழுத வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஏற்றாவிட்டால் உரிமை தானாகத் திரும்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தளம் தரும் கணக்கின் நகல் உங்களுக்கு வர வேண்டும். இதற்கு அவர் சம்மதித்தால் புது நகலை எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துக்கு முன் நான் படித்துச் சொல்கிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். சம்மதிக்கவில்லை என்றால் நன்றி சொல்லி விட்டுவிட்டு, சாத்தூர் தியேட்டரில் எந்த ஞாயிறு மேட்னி காலியாக இருக்கிறது என்று போய்க் கேளுங்கள்.